திட்ட அனுமதி மேல்முறையீடு: முதலில் நாளைக் கணக்கிடுவோம்

கடை கட்டுவதற்கோ கிடங்கை விரிப்பதற்கோ திட்ட அனுமதி மறுக்கப்பட்டால், வணிகர் முதலில் கேட்பது இரண்டே கேள்விகள்தான். மேல்முறையீடு செய்தால் கிடைக்குமா? எத்தனை நாள் ஆகும்?

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 இதற்கு இரண்டு வழிகளைத் தருகிறது. அனுமதி மறுப்பு ஆணை வந்தால், 79ஆம் பிரிவின்படி இரண்டு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். கட்டடத்தைப் பூட்டி முத்திரையிடுவதாகவோ இடிப்பதாகவோ அறிவிப்பு வந்தால், 80-ஏ பிரிவின்படி 30 நாள்தான் கெடு. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் ஆணை என்றால் மனு கோட்டையில் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைச் செயலாளருக்குப் போக வேண்டும். ஆணை கைக்கு வந்த தேதியை உறையோடு பத்திரப்படுத்துங்கள். கெடு கடந்தால் நல்ல வழக்கும் கெட்டுவிடும். நேரே உயர் நீதிமன்றம் போனாலும், முதலில் மேல்முறையீடு செய்து வாருங்கள் என்று திருப்பி அனுப்புவதே பெரும்பாலும் நடக்கிறது.

வெற்றி எதைப் பொறுத்தது? பட்டா, பத்திரம், வரைபடம் ஆகியவற்றில் உள்ள குறைக்காக மறுத்திருந்தால் சரிசெய்துவிடலாம். அதற்கு மேல்முறையீட்டைவிடத் திருத்திய வரைபடத்துடன் புதிய மனு கொடுப்பதே பல சமயம் விரைவு. பக்கத்தில் விட வேண்டிய இடத்தை விடாமலோ, வாகனம் நிறுத்த இடமில்லாமலோ, அனுமதிக்கு மேல் ஒரு மாடி ஏற்றியோ கட்டியிருந்தால் வாதத்தால் பயன் குறைவு. 113-சி பிரிவின் வரன்முறைச் சலுகையும் 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கே உரியது. இங்கிலாந்தில்கூட, இத்தகைய மேல்முறையீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான் வெற்றி பெறுகிறது.

காத்திருப்பின் விலையை தியாகராய நகர் காட்டியது. 2011 தீபாவளி முடிந்த சில நாளில் ரங்கநாதன் தெருப் பகுதியில் கடைகள் முத்திரையிடப்பட்டன. 2012 ஜனவரியில்தான், அதுவும் ஆறு வாரத்துக்கு மட்டும், திறக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. பெரிய கடைகள் தாக்குப்பிடிக்கலாம். பருப்பும் எண்ணெயும் உள்ளே பூட்டிக் கிடக்க, மளிகைக் கடைக்காரர் இரண்டு மாதம் தாங்குவாரா?

2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் நமக்கு நன்மையும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. கட்டட முடிவுச் சான்று மறுப்பு, வரன்முறை தொடர்பான மனுக்களையும் மேல்முறையீடுகளையும் 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்றது நன்மை. அனுமதியற்ற கட்டடத்தில் தொழில் நடத்த எந்த அமைப்பும் உரிமம் தரக் கூடாது என்றது எச்சரிக்கை. அதற்கு ஒரு மாதம் முன் வந்த மற்றொரு தீர்ப்பு, இடிப்பதற்கு 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றது. ஆனால் சாலை, நடைபாதை, ஆறு, நீர்நிலை ஆகியவற்றை ஆக்கிரமித்த கட்டடங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அடையாற்றங்கரையில் உள்ள நம் அனகாபுத்தூர் வணிகர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

நம்மில் பலர் வாடகைக் கடைக்காரர்கள். கட்டடம் உரிமையாளருடையது, பூட்டு விழுவதோ நம் சரக்கின் மேல். ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கட்டடத்துக்கு வரும் எந்த அறிவிப்பையும் உடனே காட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு இணையும் முன் அனகாபுத்தூர் நகராட்சி கொடுத்த அனுமதித் தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். மேல்முறையீட்டின்போது உங்கள் பக்கம் பேசப்போவது அந்தத் தாள்தான்.

அறிவிப்பு வந்தால் தயங்காமல் அன்றே சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். முப்பது நாளில் ஒரு நாளும் வீணாகக் கூடாது.