யு.பி.எஸ். மேல் பழி போடும் முன் ஒயரைப் பாருங்கள்

போர் மோட்டார் போட்டவுடன் கம்ப்யூட்டர் யு.பி.எஸ். 'பீப் பீப்' என்று கத்துகிறதா? ஏ.சி. ஓடும்போது டியூப் லைட் மங்குகிறதா? பலரும் முதலில் யு.பி.எஸ்.ஸைத்தான் மாற்றுகிறார்கள். மீட்டரிலிருந்து வீட்டுக்கு வரும் ஒயரை யாரும் பார்ப்பதில்லை.

மதுரை - திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள கொட்டாம்பட்டி பக்கம் ஒரு தோட்டத்து வீட்டை எடுத்துக்கொள்வோம். மீட்டர் ரோட்டோரம், வீடு 60 மீட்டர் உள்ளே. இழுத்திருப்பது 2.5 சதுர மி.மீ. காப்பர் ஒயர். ஏ.சி., ஒரு ஹெச்.பி. மோட்டார், அயர்ன் பாக்ஸ், பிரிட்ஜ், கம்ப்யூட்டர் எல்லாம் ஓடினால் சுமார் 20 ஆம்பியர். "2.5 ஒயர் 20 ஆம்பியர் தாங்குமே" என்பார்கள். தாங்கலாம். ஆனால் வோல்டேஜ்?

கணக்கு இதுதான்: 2 × தூரம் (மீட்டர்) × ஆம்பியர் × 0.0185 ÷ ஒயரின் சதுர மி.மீ. கரண்ட் போய்த் திரும்ப வேண்டும், அதனால்தான் 2. எக்செல்லில் போட்டு வைத்துக்கொண்டால் எந்த வீட்டுக்கும் பார்த்துவிடலாம். நம் வீட்டுக்கு விடை ஏறத்தாழ 18 வோல்ட். மீட்டரில் 230 இருந்தால் வீட்டில் 212. மாலையில் மீட்டரிலேயே 205 என்றால் வீட்டில் 187! மோட்டார் ஸ்டார்ட் ஆகும் கணத்தில் வழக்கத்தைப் போல் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். யு.பி.எஸ். கத்தாமல் என்ன செய்யும்?

அந்த 18 வோல்ட் ஒயரிலேயே சூடாகப் போகிறது. 20 ஆம்பியரில் அது சுமார் 355 வாட். தினம் நான்கு மணி நேரம் என்றால் மாதம் 42 யூனிட், பில்லில் உங்கள் கணக்கில்தான்.

இதே தூரத்துக்கு 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 7.4 வோல்ட், 10 போட்டால் 4.4. அலுமினியம் விலை குறைவு, ஆனால் காப்பர் 6-க்கு ஈடாக அலுமினியம் 10 வேண்டும். பழைய எலக்ட்ரீஷியன்கள் இன்றும் 3/20, 7/20 என்பார்கள். முதல் எண் கம்பிகள் எத்தனை என்பது, அடுத்தது கம்பியின் கேஜ். 3/20 சுமார் 2 சதுர மி.மீ., 7/20 சுமார் 4.6. கடையில் வாங்கும்போது சதுர மி.மீ. கணக்கிலேயே கேளுங்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பாருங்கள்.

எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று 20-ஐ எடுத்துவிட்டு 32 மாட்டுவது ஆபத்தான வேலை. எம்.சி.பி. முதலில் காப்பது ஒயரைத்தான். 32 வேண்டுமானால் முதலில் ஒயர் 6 ஆகட்டும்.

சந்தேகம் இருந்தால் எலக்ட்ரீஷியனை மல்டிமீட்டருடன் வரச் சொல்லுங்கள். மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டர் பிளக்கில் வோல்டேஜ் குறித்துக்கொண்டு, 2000 வாட் ஹீட்டரைப் போட்டு மறுபடி பார்க்க வேண்டும். மீட்டர் பக்கம் அசையாமல் பிளக்கில் மட்டும் 7, 8 வோல்ட் இறங்கினால், நாம் பார்த்த 2.5 ஒயர் கதைதான் உங்கள் வீட்டிலும். மீட்டர் பக்கமே சேர்ந்து இறங்கினால் ஒயரை மாற்றிப் பயனில்லை, மின்வாரிய அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுங்கள்.