மின்வெளிப் பாதுகாப்பில் பன்னாட்டு ஒத்துழைப்பு

மின்வெளிப் பாதுகாப்பில் பன்னாட்டு ஒத்துழைப்பு என்பது, கணினி வலையமைப்புகள் மீதான தாக்குதல்களைத் தடுக்கவும் அவற்றிலிருந்து மீளவும் நாடுகளின் அரசு முகமைகளும் படைத்துறைக் கூட்டணிகளும் தகவலையும் உதவியையும் பரிமாறிக்கொள்வதாகும்.

தேவை

தாக்குதல்கள் நாட்டு எல்லைகளுக்குள் அடங்குவதில்லை. 2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் ஒரு கணக்கியல் மென்பொருளின் இற்றைப்படுத்தல் வழியாகப் பரவத் தொடங்கிய நாட்பெட்யா என்னும் தீநிரல் (தீங்கு விளைவிக்கும் நிரல்), டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகளை முடக்கியது. இதனால் மும்பை அருகேயுள்ள ஜவகர்லால் நேரு துறைமுகத்தில் அந்நிறுவனக் குழுமம் இயக்கிய சரக்குப்பெட்டக முனையத்தின் பணிகளும் தடைப்பட்டன.

படைத்துறைக் கூட்டணிகள்

2007 இல் எஸ்தோனியாவின் அரசு, வங்கி, செய்தித் தளங்கள் தாக்கப்பட்டன. அடுத்த ஆண்டு அந்நாட்டுத் தலைநகர் தாலினில் நேட்டோவின் ஏற்புப் பெற்ற மின்வெளிப் பாதுகாப்பு மையம் அமைக்கப்பட்டது. மின்வெளிப் பாதுகாப்பு கூட்டுப் பாதுகாப்பின் ஒரு பகுதி என 2014 இல் நேட்டோ அறிவித்தது. இந்தியா நேட்டோ உறுப்பு நாடு அன்று.

இந்தியாவின் பங்கு

இந்தியாவின் ஒத்துழைப்பு பெரும்பாலும் குடிசார் முகமைகள் வழியே நடைபெறுகிறது. 2004 முதல் இயங்கும் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன், ஆசிய பசிபிக் நாடுகளின் குழுக்களது கூட்டமைப்பான ஏபிசெர்ட்டில் உறுப்பினராக உள்ளது. தாக்குதலைக் கட்டுப்படுத்தும் வழங்கிக் கணினி வேறொரு நாட்டில் இருந்தால், அந்நாட்டுக் குழுவிடம் அதனை முடக்குமாறு கேட்பது இத்தகைய குழுக்களின் வழமையான பணிகளுள் ஒன்று.

கூடங்குளம் நிகழ்வு

கூடங்குளம் அணுமின் நிலையத்தில் இணையத்துடன் இணைந்த, நிர்வாகப் பணிக்கான ஒரு கணினியில் தீநிரல் இருந்ததை 2019 அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் உறுதி செய்தது. செப்டம்பர் 4 அன்றே செர்ட்-இன் இதனைத் தெரிவித்திருந்ததாகவும், நிலையத்தை இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றும் கழகம் கூறியது. நிர்வாக வலையமைப்பு, உள்ளக வலையமைப்பிலிருந்து பிரிக்கப்பட்டிருந்ததே இதற்குக் காரணம்.

திருவள்ளூர் மாவட்டம்

காமராசர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகம், வடசென்னை அனல் மின் நிலையம், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை ஆகியன இம்மாவட்டத்தில் உள்ளன. அனல் மின் நிலையத்திற்கான நிலக்கரி காமராசர் துறைமுகம் வழியே வருகிறது. எனவே துறைமுகக் கணினிகள் நெடுநாள் முடங்கினால் அதன் விளைவு மின் உற்பத்தியையும் தொடக்கூடும். இத்தகைய இடங்களில் அலுவலகக் கணினிகளையும் இயந்திரக் கட்டுப்பாட்டுக் கணினிகளையும் தனித்தனி வலையமைப்புகளில் வைப்பது அடிப்படைப் பாதுகாப்பாகும்.

வரம்புகள்

2001 இன் புடாபெஸ்ட் மின்வெளிக் குற்ற உடன்படிக்கையில் இந்தியா இணையவில்லை. முகமைகள் எச்சரிக்கையைப் பகிர்ந்தாலும், தாக்கியவர் எந்நாட்டவர் என்பதை உறுதிசெய்வது கடினம். மேலும், பாதிக்கப்பட்டவர் தெரிவிக்காத தாக்குதலைப் பற்றிப் பிற நாடுகளை எச்சரிப்பதும் அரிது. இந்திய நிறுவனங்கள் குறிப்பிட்ட வகை நிகழ்வுகளை 6 மணிநேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் எனச் செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. பன்னாட்டு எச்சரிக்கைச் சங்கிலியின் முதல் கண்ணி, தாக்கப்பட்ட தொழிற்சாலையே ஆகும்.