பொருத்துதலில் பிறக்கும் பாதுகாப்பு

நுழையும்முன்

சன்னல் கம்பி முதல் பள்ளியின் நுழைவாயில் வரை நம்மைச் சூழ்ந்துள்ள இரும்புப் பொருள்கள் பல, கையில் பிடித்து இயக்கும் மின்வெட்டுப்பொறியால் அறுக்கப்பட்டவை. அப்பொறியில் வட்டைப் பொருத்துவது சில நிமிட வேலைதான். அந்தச் சில நிமிடங்களில் காட்டும் நிதானமே தொழிலாளியின் கண்ணையும் கையையும் காக்கிறது. அதன் காரணங்களை இப்பாடம் விளக்குகிறது.

வட்டின் இயல்பு

பட்டறைகளில் 'கிரைண்டர்' என வழங்கும் இப்பொறியில், மோட்டாரின் சுழற்சி பற்சக்கரங்களின் வழியே திசைமாறிச் சுழல்தண்டை அடைகிறது. தண்டின் முனையில் பொருத்தப்படும் வட்டையே தொழிலாளர் 'கட்டிங் வீல்' என்பர். இது பற்களைக் கொண்ட இரம்பம் அன்று. அலுமினியம் ஆக்சைடு போன்ற கடினமான மணிகளைப் பிசினால் பிணைத்து, கண்ணாடியிழை வலையால் வலுவூட்டி இதனைச் செய்கின்றனர். ஒவ்வொரு மணியும் நுண்ணிய உளியாக இரும்பைச் சீவுகிறது. மழுங்கிய மணி உதிர, அடுத்த மணி அவ்வேலையை ஏற்கிறது.

இவ்வட்டு விளிம்பால் அறுக்கும்போது உறுதியாக நிற்கும். பக்கவாட்டில் அழுத்தினால் உடைந்து சிதறும். ஆகவே, மெல்லிய வெட்டுவட்டின் பக்கப்பரப்பால் எதனையும் தேய்த்தல் கூடாது. தேய்ப்பதற்குத் தடித்த வட்டு தனியே உண்டு.

எண்கள் உணர்த்தும் உண்மை

100 மி.மீ. விட்டமுள்ள வட்டு நிமிடத்திற்கு 11,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 57 மீட்டர், அதாவது மணிக்கு 200 கி.மீ.க்கும் மிகுதியான வேகத்தில் விரைகிறது. வெட்டுவட்டுகள் பலவற்றின் விளிம்புவேக வரம்பு நொடிக்கு 80 மீட்டராகும். எனவே, இந்த 100 மி.மீ. வட்டு வரம்புக்குள் அடங்கியே சுழல்கிறது.

பெரிய குழாயை ஒரே முறையில் அறுத்துவிடும் ஆவலில், சிலர் காப்புமூடியைக் கழற்றிவிட்டு அதே பொறியில் 180 மி.மீ. வட்டை மாட்டுகின்றனர். அப்போது விளிம்புவேகம் நொடிக்கு 100 மீட்டரைக் கடந்துவிடும். சுழலும் வட்டைப் பிய்த்தெறிய முயலும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், அது வரம்புநிலையைப்போல் ஏறத்தாழ 1.7 மடங்காகிறது. வட்டு உடைந்தால் சில்லுகளைத் தடுக்க மூடியும் இராது. மேலும், 100 மி.மீ. வட்டின் நடுத்துளை பொதுவாக 16 மி.மீ.; பெரிய வட்டின் துளையோ 22 மி.மீ.க்குச் சற்று மிகுதி. இடைவெளியை வளையமிட்டு நிரப்பினால் வட்டின் மையம் விலகி, பொறி அதிரும். துளைகள் வேறுபடுவதே ஓர் எச்சரிக்கை எனக் கொள்ளலாம். மரமறுக்கும் பல்வட்டையும் இப்பொறியில் மாட்டலாகாது.

பொருத்தும் முறை

முதலில், மின்செருகியைக் கழற்ற வேண்டும். பொறியின் விசையை நிறுத்தியிருந்தால் மட்டும் போதாது; கை தவறி விசையில் பட்டாலும் பொறி இயங்கக்கூடாது.

அடுத்து, வட்டை ஆராய வேண்டும். அதில் அச்சிட்டுள்ள சுழற்சி எண், பொறியின் சுழற்சி எண்ணுக்குக் குறைவாக இருத்தல் கூடாது. விரிசல் கண்டதும், விளிம்பு உடைந்ததும், ஈரத்தில் ஊறியதும், கீழே விழுந்து அடிபட்டதும் பயன்பாட்டுக்கு உரியன அல்ல.

பின்னர், காப்புமூடி உறுதியாக உள்ளதா எனப் பார்த்து, அதன் மூடிய பகுதி வட்டிற்கும் இயக்குபவருக்கும் இடையே அமையுமாறு திருப்ப வேண்டும். சுழல்தண்டில் உள்தட்டைத் தூசு துடைத்துப் பொருத்தி, அதன் மேட்டில் வட்டின் துளை அமருமாறு வைக்க வேண்டும். அதன்மேல் வெளி நட்டைக் கையால் திருக வேண்டும். நட்டின் இரு பக்கங்களும் ஒன்றுபோல் இரா. பொறியின் கையேடு கூறும் பக்கமே மெல்லிய வட்டைத் தொட வேண்டும்.

இறுதியாக, தண்டைப் பூட்டும் பொத்தானை அழுத்திக்கொண்டு, பொறியுடன் வந்த ஸ்பேனரால் நட்டை இறுக்க வேண்டும். சுத்தியலால் தட்டி இறுக்குவது வட்டின் நடுப்பகுதியை நசுக்கும். வட்டு சுழலும்போது அப்பொத்தானைத் தொடவே கூடாது.

தெரிந்து தெளிவோம்

பிசினால் பிணைத்த வெட்டுவட்டுகளுக்கும் காலாவதி உண்டு. நடுத்துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் அந்த ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். கைப்பொறி வட்டுகளுக்கு, செய்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளே பொதுவான எல்லை.

இயக்குமுன்

வட்டைக் கையால் ஒரு முறை சுழற்றி, எங்கும் உரசவில்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். கண்ணாடியும் முகக்கவசமும் அணிந்து, பக்கக் கைப்பிடியுடன் பொறியை இரு கைகளாலும் பற்றி, ஆளில்லாத திசையில் ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட வேண்டும். அதிர்வு தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும்.

அறுக்கப்படும் குழாயின் நடுப்பகுதி தொய்ந்தால், வெட்டுத்தடம் நெருங்கி வட்டைக் கவ்வும். பொறி இயக்குபவரை நோக்கித் துள்ளும். ஆதலால், அறுத்த துண்டு தானே விலகி விழுமாறு குழாயைத் தாங்கி நிறுத்த வேண்டும். வட்டு சுழலும் தளத்திற்கு நேரே நில்லாமல் சற்று விலகி நிற்பதும் நன்று.

பல ஆண்டுகள் வேலை செய்த கைக்கும், இன்று முதன்முதலாகப் பொறியைத் தொடும் கைக்கும் வட்டின் வேகம் ஒன்றே. அனுபவம் மிகுந்தவர் என்பதற்காக அது தளர்ந்து சுழல்வதில்லை. காப்புமூடியைக் கழற்றாதிருப்பதும் வட்டின் எண்ணைப் படிப்பதும் தொடக்கநிலையாளரின் அச்சம் அல்ல. அவை தேர்ந்த தொழிலாளியின் அடையாளம்.

கற்பவை கற்றபின்

1. நிமிடத்திற்கு 8,500 முறை சுழலும் 125 மி.மீ. வட்டின் விளிம்புவேகத்தைக் கணக்கிட்டு, நொடிக்கு 80 மீட்டர் என்னும் வரம்புடன் ஒப்பிடுக.
2. 'காப்புமூடி வேலைக்குத் தடையா, துணையா?' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.