கால் மில்லிலிட்டர் அட்ரினலின்: விஷமுறிவு ஒவ்வாமையின் வரவு செலவுக் கணக்கு

2005 மார்ச் முதல் 2008 ஏப்ரல் வரை, இலங்கை மருத்துவமனைகளில் பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து ஏற்றப்பட்ட 1,007 பேரைக் களனிப் பல்கலைக்கழகத்தின் எச்.ஏ. டி சில்வா, ஏ. பத்மேஸ்வரன் உள்ளிட்ட மருத்துவர்கள் ஒரு சோதனையில் சேர்த்துக் கண்காணித்தார்கள். அவர்களில் 752 பேருக்கு, உயிர் காக்க ஏற்றிய மருந்தே ஒவ்வாமையை உண்டாக்கியது. நான்கில் மூன்று பேர்! 752 பேரில் 9 விழுக்காட்டினருக்கு லேசான பாதிப்பு, 48 விழுக்காட்டினருக்கு நடுத்தரம், 43 விழுக்காட்டினருக்குக் கடுமை. அதாவது 320 பேருக்கு மேல் மூச்சுத்திணறல், ரத்த அழுத்த வீழ்ச்சி என்று உயிருக்கே உலை வைக்கும் நிலைக்குப் போனார்கள்.

ஒவ்வாமை என்றதும் வேர்க்கடலை, இறால், மகரந்தம், பென்சிலின் என்றுதான் நினைவு ஓடும். நம் வயல்காட்டு மக்களைத் தாக்கும் இந்த ஒவ்வாமையைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் இதைத் தடுக்கும் வழி நம் கடலுக்கு அந்தப் பக்கத்திலேயே, எண்களோடு நிறுவப்பட்டிருக்கிறது. அதற்கு ஆகும் செலவும் மிகச் சொற்பம். கணக்கை வரிசையாகப் பார்ப்போம்.

சுமை எவ்வளவு?

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை பாம்புக்கடியால் இறக்கிறார்கள். இதில் இந்தியாவின் பங்குதான் மிகப் பெரியது. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இங்கு இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். நாளொன்றுக்கு 159 பேர். இறந்தவர்களில் கால்வாசிக்கு மேல் 15 வயது நிரம்பாத பிள்ளைகள். சாவுகளில் பாதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்கால மாதங்களில் நிகழ்கிறது.

இலங்கையில் 2012-13-இல் வீடு வீடாக நடத்திய கணக்கெடுப்பு, ஓராண்டில் 80,514 கடிகள், அவற்றில் விஷம் ஏறியவை 30,543, சாவுகள் 464 என்று மதிப்பிட்டது. விஷம் ஏறியவர்களில் 100-க்கு 1.5 பேர் இறக்கிறார்கள். மீதிப் பேர் பிழைப்பதில் விஷமுறிவு மருந்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே ஒவ்வாமையைக் காட்டி இந்த மருந்தை ஒதுக்க முடியாது. ஒவ்வாமைக்கு மாற்று உண்டு. உடம்பில் ஏறிய விஷத்துக்கு இந்த மருந்தை விட்டால் வேறு மாற்று இல்லை.

குப்பிக்குள் என்ன இருக்கிறது?

இந்தியாவில் தயாராகும் மருந்து, நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. இதற்கான விஷத்தில் பெரும்பகுதி செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருந்து போகிறது. அங்கே 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. பிடித்த பாம்புகளை மண்பானைகளில் வைத்து, சில வாரங்களில் சில முறை மட்டும் விஷம் எடுத்து, அடையாளமிட்டுத் திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். இந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அந்த விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்துகிறார்கள். குதிரையின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து, பெப்சின் என்னும் நொதியால் வெட்டிச் சுத்தப்படுத்தி, உலர்த்திப் பொடியாக்கிக் குப்பியில் அடைக்கிறார்கள். அந்தப் பொடியில் 10 மி.லி. நீர் விட்டு, நுரை எழாதபடி மெல்லச் சுழற்றிக் கரைக்க வேண்டும். அவசரம் என்று குலுக்கினால் புரதம் கெடும்.

ஒரு மில்லிலிட்டர் மருந்து முறிக்க வேண்டிய விஷத்தின் அளவு:

நல்ல பாம்பு: 0.6 மி.கி.
கண்ணாடி விரியன்: 0.6 மி.கி.
கட்டுவிரியன்: 0.45 மி.கி.
சுருட்டை விரியன்: 0.45 மி.கி.

கண்ணாடி விரியன் ஒரு கடியில் செலுத்தும் விஷம் சராசரியாக 63 மி.கி. ஒரு குப்பி முறிப்பது 6 மி.கி. ஆக, முதல் தவணைக்கே 10 குப்பிகள் தேவை. அதாவது 100 மி.லி. திரவம், அதில் கரைந்திருப்பது குதிரைப் புரதம். அந்தப் புரதத்திலும் விஷத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் சிறுபகுதிதான். மற்றது அந்தக் குதிரை தன் வாழ்நாளில் வேறு கிருமிகளுக்கு எதிராக உருவாக்கியது. கடிபட்டவருக்கு அதனால் பயன் இல்லை.

10 குப்பி ஏற்றியும் போதாமல் போவது உண்டு. 2 மி.லி. ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசையாமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். ரத்தம் உறையாமல் வழிந்தால் விஷம் இன்னும் வேலை செய்கிறது என்று பொருள். முதல் தவணைக்கு 6 மணி நேரம் கழித்தும் உறையவில்லை என்றால் அடுத்த தவணை ஏற்ற வேண்டும். குப்பி கூடக் கூட உடம்பில் ஏறும் அயல் புரதம் கூடும். அத்துடன் ஒவ்வாமை ஆபத்தும் கூடும்.

உடம்பு ஏன் எதிர்க்கிறது?

எதிர்வினைகள் மூன்று வகை. முதல் வகை, மருந்து ஏறத் தொடங்கிய சில நிமிடங்களில் இருந்து 3 மணி நேரத்துக்குள் வருவது: அரிப்பு, தடிப்பு, வாந்தி, இளைப்பு, ரத்த அழுத்த வீழ்ச்சி. இரண்டாவது, தயாரிப்பின்போது கலந்துவிட்ட நுண்ணுயிர் நச்சால் 1 முதல் 2 மணி நேரத்தில் வரும் குளிர்காய்ச்சல். மூன்றாவது, சுமார் ஒரு வாரம் கழித்து வரும் சீரம் நோய்: காய்ச்சல், மூட்டுவலி, தோல் தடிப்பு. இதை 1905-இலேயே வியன்னாவின் மருத்துவர்கள் ஃபான் பிர்க்கேயும் பேலா ஷிக்கும் விரிவாக எழுதிவிட்டார்கள்.

முதல் வகையில் ஒரு விசேஷம் உண்டு. வேர்க்கடலை ஒவ்வாமைக்கு முன்பே உடல் பழகிக் கூர்மையடைந்திருக்க வேண்டும். இங்கே பெரும்பாலும் அப்படி இல்லை. வாழ்க்கையில் முதன்முறை இந்த மருந்தைப் பெறுபவருக்கும் வருகிறது. மொத்தமாக ஏறும் புரதத் திரட்டுகள் உடலின் பாதுகாப்புப் புரதங்களை நேரடியாகத் தூண்டிவிடுகின்றன. ஆகவேதான் தோலில் துளி மருந்து போட்டுப் பார்க்கும் சோதனை ஊசி இங்கே பலிக்காது. 1986-இல் வெளியான ஆய்வே இதைக் காட்டிவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் அந்தச் சோதனை வேண்டாம் என்கிறது. அதற்குச் செலவாகும் நேரம் நோயாளிக்கு நட்டம்.

சோதனைகள் சொன்ன கணக்கு

மருந்து ஏற்றுவதற்கு முன்பே ஒவ்வாமையைத் தடுக்க முடியுமா? கேள்விக்கு விடை தேடிய சோதனைகள் இவை:

பிரேசில், 1999: 101 பேர். அரிப்புக்கான புரோமெதசின் ஊசி பெற்ற 49 பேரில் 12 பேருக்கு ஒவ்வாமை; வெற்று மருந்து பெற்ற 52 பேரில் 13 பேருக்கு. 24 விழுக்காட்டுக்கு எதிரே 25. மருந்தால் பலன் இல்லை.

இலங்கை, 1999: 105 பேர். விஷமுறிவு மருந்துக்குச் சற்று முன்பு தோலுக்கடியில் 0.25 மி.லி. அட்ரினலின் போட்ட 56 பேரில் 6 பேருக்கு ஒவ்வாமை, அதாவது 11 விழுக்காடு. போடாத 49 பேரில் 21 பேருக்கு, அதாவது 43 விழுக்காடு. மூன்று பேருக்கு ஊசி போட்டால் ஒருவர் தப்புகிறார்.

இலங்கை, 2012: 198 பேர். மருந்தை 20 நிமிடத்தில் ஏற்றினாலும் 2 மணி நேரத்துக்கு நீட்டினாலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கடும் ஒவ்வாமை. மெதுவாக ஏற்றுவது காக்கவில்லை.

இவற்றுக்கு நடுவே, 2011-இல் வெளியானதுதான் முதலில் சொன்ன 1,007 பேர் சோதனை. அட்ரினலின், ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோன், புரோமெதசின் என்ற மூன்றையும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்க்க 8 குழுக்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. முடிவு தெளிவாக வந்தது. அட்ரினலின் கடும் ஒவ்வாமையை முதல் ஒரு மணி நேரத்தில் 43 விழுக்காடும், 48 மணி நேரம் வரை கணக்கிட்டால் 38 விழுக்காடும் குறைத்தது. மற்ற இரண்டும் குறைக்கவில்லை. அட்ரினலினுடன் ஹைட்ரோகார்ட்டிசோனைச் சேர்த்தபோது, அட்ரினலினின் நன்மையே கரைந்துபோனது.

இந்தக் கடைசி வரியை மருத்துவமனைகள் கவனிக்க வேண்டும். விஷமுறிவு மருந்துக்கு முன்னால் ஒரு ஸ்டீராய்டும், அரிப்புக்கான ஓர் ஊசியும் போட்டுவிட்டால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 1,007 பேரின் கணக்கு அந்த நம்பிக்கையை ஆதரிக்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒவ்வாமை வந்தவர்களில் 89 விழுக்காட்டினருக்கு அது முதல் ஒரு மணி நேரத்துக்குள் வந்தது. கட்டிலருகே ஆள் நிற்க வேண்டிய நேரம் எது என்பதையும் சோதனை சொல்லிவிட்டது.

செலவுக் கணக்கு

தடுப்புக்கான அட்ரினலின் 0.25 மி.லி. முதல் தவணை விஷமுறிவு மருந்து 100 மி.லி. நானூறில் ஒரு பங்கு! ஒரு ஆம்பூலில் இருப்பது 1 மி.லி.; தேவை அதில் கால் பங்குதான். ஆம்பூலின் விலை சில ரூபாய்கள். விஷமுறிவு மருந்தோ குப்பிக்குச் சில நூறு ரூபாய். 10 குப்பி என்றால் ஆயிரங்களைத் தொடும். அரசு மருத்துவமனையில் நோயாளி அதற்குப் பணம் தருவதில்லை, அரசு தருகிறது. அவ்வளவு செலவழித்துக் கொடுக்கும் மருந்தைப் பாதுகாக்க இந்தச் சில ரூபாய் போதும்.

அமெரிக்காவின் கணக்கு வேறு. அங்கே செம்மறியாட்டு எதிர்ப்பொருளை மேலும் நுணுக்கமாக வெட்டிச் சுத்தப்படுத்தித் தயாரிக்கும் குரோஃபேப் மருந்தால் உடனடி ஒவ்வாமை வருவது சுமார் 8 விழுக்காட்டினருக்கே. ஆனால் மருத்துவமனை வாங்கும் விலையே குப்பிக்கு 3,000 டாலருக்கு மேல் போனது. அந்த விலை முழுவதும் தூய்மையின் விலை என்று எண்ணிவிடக் கூடாது. அரிசோனாவின் மருத்துவர் லெஸ்லி பாயர் 2015-இல் தேள் விஷமுறிவு மருந்தின் விலையைப் பிரித்துக் காட்டினார். குப்பிக்கு 14,624 டாலர் என்ற விலையில் மருத்துவமனை ஏற்றும் தொகை 70 விழுக்காடு. மருத்துவச் சோதனைகளுக்கு ஆனது 2 விழுக்காட்டை ஒட்டி. மருந்தைத் தயாரிக்கும் செலவு ஆயிரத்தில் ஒரு பங்கு. தரமான மருந்து தயாரிப்பது ஏழை நாட்டுக்கு எட்டாத செலவு என்ற வாதம் இந்த எண்களின் முன் நிற்காது.

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் சேர்த்தது. 2030-க்குள் சாவையும் ஊனத்தையும் பாதியாக்க 2019-இல் அது கேட்ட மொத்தத் தொகை 13.676 கோடி டாலர். இந்திய அரசும் 2024 மார்ச்சில் அதே இலக்கோடு தேசியச் செயல்திட்டம் அறிவித்தது. தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியதாக்கியது. இனி ஒவ்வொரு கடியும் பதிவாகும். அந்தப் பதிவில் இன்னும் மூன்று கட்டங்கள் வேண்டும்: எந்தத் தயாரிப்பு எத்தனை குப்பி ஏற்றப்பட்டது, ஒவ்வாமை வந்ததா, முன்கூட்டி அட்ரினலின் போடப்பட்டதா. இம்மூன்றும் சேர்ந்தால், எந்தத் தயாரிப்பு அதிகம் ஒவ்வாமை தருகிறது என்பதைத் தமிழ்நாடே எண்களோடு சொல்ல முடியும். கொள்முதலின்போது தரத்தைக் கேட்டு வாங்கவும் முடியும்.

நிகரக் கணக்கு

எண்களைக் கூட்டிப் பார்த்தால் மூன்று முடிவுகள் நிற்கின்றன. ஒன்று, நால்வரில் மூவருக்கு ஒவ்வாமை தரும் மருந்தை இயல்பு என்று ஏற்க வேண்டியதில்லை. அது தயாரிப்புத் தரத்தின் குறை, தீர்க்கக்கூடிய குறை. இரண்டு, தரம் உயரும் வரை, கால் மில்லிலிட்டர் அட்ரினலின்தான் சோதித்து நிறுவப்பட்ட தடுப்பு. மூன்று, மருந்து ஏறும் முதல் ஒரு மணி நேரம் நோயாளியை விட்டு யாரும் நகரக் கூடாது. ஒவ்வாமை தலைகாட்டியதும் டிரிப்பை நிறுத்தி, பெரியவருக்குத் தொடைத் தசையில் 0.5 மி.கி. அட்ரினலின் போட்டு, நிலை சீரானதும் மருந்தைத் தொடர வேண்டும்.

இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்களில் 23 விழுக்காட்டினர்தான் மருத்துவமனையில் இறந்தார்கள் என்று 2011-இல் வெளியான ஆய்வு சொன்னது. மற்றவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே வந்து சேரவில்லை அல்லது வழியில் இறந்தார்கள். ஆகவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள். பாம்பு கடித்தால் கட்டு போடாமல், கீறாமல், மந்திரிக்க நேரம் போக்காமல், அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள். கடிபட்டவருக்கு ஆஸ்துமா இருந்தாலோ, முன்பு விஷமுறிவு மருந்து ஏற்றியிருந்தாலோ போனதும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒவ்வாமைக்குப் பயந்து விஷமுறிவு மருந்தை மறுக்காதீர்கள். அட்ரினலின் தயாராக இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.