சங்கக் காரியமாக வெளியூர் செல்வோர்க்கு

சங்கத்தின் பொருட்டு வெளியூர் செல்லும் பிரதிநிதி, அங்கத்தினர் அனைவருக்கும் உரிய பணத்தைச் செலவிட்டே புறப்படுகிறார். அவர் வெறுங்கையுடன் திரும்புவாராயின், நட்டம் பஸ் கட்டணத்தோடு முடிவதில்லை. நூல் வாராத வாரத்தில் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். ஆகவே, பிரயாணத் திட்டம் என்பது காரியதரிசி ஒருவரின் சொந்த விஷயமன்று. நிர்வாகக் குழு கூடி ஆலோசிக்கவேண்டிய விஷயமாகும்.

முதற்கண் எழவேண்டிய கேள்வி, போகத்தான் வேண்டுமா என்பதே. விலை விசாரிப்பதும், பாக்கியை நினைவூட்டுவதும் தொலைபேசியில் முடியும். சாயம் நிற்குமா, நூல் சீராக இருக்கிறதா என்பனவற்றைக் கண்ணால் கண்டு, கையால் தொட்டே அறிய இயலும். அத்தகைய வேலைக்கே ஆளை அனுப்புதல் தகும்.

அடுத்தது நாள். நான்கு வேலைகள் இருப்பின், அவற்றுள் நம் விருப்பப்படி மாற்ற முடியாத வேலையை முளையாக அடித்து, ஏனையவற்றை அதைச் சுற்றிக் கட்டவேண்டும். ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாயன்று நடைபெறுவது. முத்தியால்பேட்டை நெசவாளர் ஒருவர் எந்த ரகத்துக்குக் கிராக்கி என்றறிய வியாழனன்று போய் இறங்கினால் அவருக்கு என்ன பயன்? அவரே திங்கள் காலையில் புறப்பட்டு, விழுப்புரம், சேலம் வழியாக மாலைக்குள் ஈரோடு சேர்ந்தால், செவ்வாயன்று சந்தையை முழுதும் காணலாம். புதனன்று திரும்பும் வழியில் சேலத்தில் தங்கி, 1960-இல் நிறுவப்பெற்ற இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிலையத்தில் சாயம் பற்றிய ஐயங்களையும் கேட்டறியலாம். வழிச் செலவு ஒன்று, பயன் இரண்டு.

விவசாய அங்கத்தினர்க்கு நாளைவிட நாழிகை முக்கியம். சென்னைக் கோயம்பேட்டில் காய்கறி லாரிகள் இரவிலேயே வந்து சேர்கின்றன; மொத்த வியாபாரம் விடியற்காலையிலேயே மும்முரமாக நடைபெறும். காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு பத்து மணிக்குச் செல்பவர் காண்பது சில்லறை விலையையே.

விடுமுறையிலும் நம் ஊருக்குத் தனி வழக்கம் உண்டு. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று இணைப்பு சட்டபூர்வமாயிற்று. இவ்விரு நாட்களும் புதுச்சேரியில் விடுமுறை, சென்னையிலோ அவ்வாறன்று. ஆகஸ்ட் 16 அன்று வரும்படி சென்னை வியாபாரியை அழைத்தால், அவர் பூட்டிய கதவைக் கண்டு திரும்புவார்.

பிரெஞ்சு ஆட்சியில் எல்லையில் சுங்கச் சாவடிகள் இருந்தன. இன்று அவை இல்லை. எனினும் காகிதத்தில் எல்லை இருக்கிறது. விழுப்புரம் சாலையில் வில்லியனூர் நம்முடையது, கண்டமங்கலம் தமிழ்நாட்டினது, திருபுவனை மீண்டும் நம்முடையது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள சரக்கைத் தமிழ்நாட்டுக்கு அனுப்ப, சரக்கு சேவை வரிச் சட்டப்படி இ-வே பில் வேண்டும். துணிமூட்டையைக் கட்டுமுன் இச்சீட்டு ஆயத்தமாக இருத்தல் நலம்.

பிரதிநிதியின் அதிகாரமும் எழுத்தில் இருக்கவேண்டும். எந்த நூல், எத்தனை கட்டு, எந்த விலை வரை என்று குழு தீர்மானித்துக் கொடுக்கட்டும். அது இல்லாதவர் நல்ல விலை கிடைத்தபோதும் துணிந்து வாங்கார். ஊர் திரும்பிக் கேட்டு வருவதற்குள் விலை ஏறிவிடும்.

இறுதியாக, குறிப்பேடு. இவ்வூரில் வணிகமும் துபாஷி உத்தியோகமும் செய்த ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761), 1736 முதல் நாட்குறிப்பு எழுதிவந்தார். தேதியும் கிழமையும் இட்டு, கப்பல் வந்ததையும் சரக்கு விவகாரங்களையும் அவர் குறித்து வைத்தார். நம் பிரதிநிதியும் யாரைக் கண்டார், என்ன விலை கேட்டார், யார் என்ன வாக்களித்தார் என்பவற்றை அன்றன்றே எழுதுவாராக. நினைவில் மட்டும் வைத்திருந்தால், அடுத்த முறை செல்பவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரிடும்.

திரும்பிய ஒரு வாரத்துக்குள் அக்குறிப்பும் செலவுச் சீட்டுகளும் குழுவின் முன் வரட்டும். எவ்வளவு செலவாயிற்று என்று மட்டும் கேளாமல், தறிக்கும் வயலுக்கும் என்ன கொண்டுவந்தார் என்றும் அங்கத்தினர்கள் கேட்கட்டும். அக்கேள்வி வரும் என்று அறிந்தவர், புறப்படுமுன்பே திட்டமிடுவார்.