புகைப்படம் ஓவியமாகும்போது

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பர் நம் முன்னோர். இன்று நம் பிள்ளைகள் கணிப்பொறியில் எழுதும் சித்திரங்களுக்குப் பெரும்பாலும் ஒரு புகைப்படமே சுவராக அமைகிறது. பாட்டியின் முகத்தையோ தம்பியின் சிரிப்பையோ எடுத்துக்கொண்டு, தெளிவான விளிம்புகளும் நான்கைந்து வண்ணங்களும் மட்டுமே கொண்ட ஓவியமாக அதனை மாற்றிவிடுகின்றனர். திருமண அழைப்பிதழ்களிலும் விழா மலர்களின் அட்டைகளிலும் இத்தகைய படங்களை நாம் காண்கிறோம். பொத்தானை அழுத்தினால் இயந்திரமே செய்துவிடும் வேலையில் கலை எங்கே இருக்கிறது எனப் பெற்றோர் சிலர் வினவுகின்றனர். வினா நியாயமானதே. இயந்திரம் செய்வது எது, மனிதர் செய்வது எது என்று பிரித்தறிந்தால் விடை கிடைக்கும்.

புள்ளியும் வளைவும்

கணிப்பொறியில் படங்கள் இரு வகைப்படும். புகைப்படம் புள்ளிகளால் ஆனது. அகலத்தில் 4000, உயரத்தில் 3000 புள்ளிகள் உள்ள படமெனில் மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் உண்டு, அவ்வளவே. தான் கண்ணின் பகுதியா, காதணியின் பகுதியா என்பதை அப்புள்ளி அறியாது. படத்தை மிகப் பெரிதாக்கினால் புள்ளிகள் சதுரக் கற்களாகத் துருத்தி நிற்கும். கன்னத்தின் வளைவு படிக்கட்டாகிவிடும்.

மற்றொன்று வெக்டர் எனப்படும் வகை. இதில் வடிவங்களே கட்டளைகளாக எழுதி வைக்கப்படுகின்றன: இங்கே தொடங்கி, இவ்வாறு வளைந்து, அங்கே முடிக, உள்ளே இந்த நிறத்தை நிரப்புக. வாசலில் கோலமிடும் தாய்மாருக்கு இது எளிதில் விளங்கும். ஒரே கோலத்தைச் சாண் அளவிலும் இடலாம், தெருவை அடைத்தும் இடலாம். வளைவின் இலக்கணம் மாறுவதில்லை. அவ்வாறே, தபால்தலை அளவில் வரைந்த வெக்டர் படத்தைச் சுவர் அளவுக்குப் பெருக்கினாலும் அதன் விளிம்பு மழுங்காது.

இவ்வளைவுகள் பிறந்த இடம் ஓவியக்கூடமன்று. பிரான்சு நாட்டு மோட்டார் நிறுவனங்கள். கார்களின் உடற்பகுதியை வடிவமைக்கும் பொருட்டு, 1959இல் சித்ரோயன் நிறுவனத்தில் பால் தெ காஸ்தல்ஜோ என்பவரும், 1960களில் ரெனோ நிறுவனத்தில் பியேர் பெசியே என்ற பொறியாளரும் தனித்தனியே இக்கணித முறையை வகுத்தனர். பெசியேயின் பெயரே வளைவுக்கு நிலைத்தது. 1987இல் வெளிவந்த அடோபி இல்லஸ்ட்ரேட்டர் அந்த வளைவை ஓவியர்களுக்கு உரிய பேனாவாக ஆக்கித் தந்தது.

செய்முறை

முதலாவதாக, தகுந்த படத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பக்கமாக வெளிச்சம் விழுந்த முகமே ஏற்றது. நேர் எதிரே ஃபிளாஷ் விளக்கை வைத்து எடுத்த முகத்தில் நிழல் மிகக் குறைவு. நிழல் இல்லாவிடில் வரைவதற்கும் அதிகம் இராது. மூலப் படத்தைத் தொடாது, அதன் நகலிலேயே வேலையைத் தொடங்க வேண்டும்.

இரண்டாவதாக, போட்டோஷாப்பிலோ, விலையின்றிக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளிலோ படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, சிறு புள்ளிகள் அடங்கும் அளவுக்குச் சற்றே மங்கலாக்கி, ‘போஸ்டரைஸ்’ என்னும் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். நான்கு என்ற எண்ணைக் கொடுத்தால் படம் முழுவதும் நான்கு சாயல்களுக்குள் அடங்கிவிடும். வண்ணப் படத்திற்கு அதே எண்ணைக் கொடுத்தால், சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் நான்காகப் பெருகி 64 வண்ணங்கள் வரை வந்துவிடும். முதலில் கறுப்பு வெள்ளையாக்குவது இதனாலேயே.

இந்நிலையில் படம் ஓவியம்போல் தோன்றினாலும் உள்ளே இருப்பவை பழைய புள்ளிகளே. எனவே மூன்றாவதாக, இதனை அடியில் வழிகாட்டியாக வைத்து, மேலே லேயர் எனப்படும் புதிய அடுக்கில், பேனாக் கருவியால் ஒவ்வொரு நிழலின் எல்லையையும் சுற்றி வரைந்து வண்ணம் நிரப்ப வேண்டும். முகம் முழுவதற்கும் ஒரு நிறம், அதன்மேல் நிழல்கள், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணின் ஒளிப்புள்ளி என்பது நல்ல வரிசை. புதிதாகப் பழகுவோர் கன்னத்தைச் சுற்றி நாற்பது புள்ளிகளை நடுவர், ஐந்தாறு போதும். புள்ளி குறையக் குறைய வளைவு வழுவழுப்பாகும்.

தானாகவே செய்யும் வழியும் உண்டு. 2003இல் தோன்றிய இன்க்ஸ்கேப் என்னும் இலவச மென்பொருளில், பீட்டர் செலிங்கர் என்பார் ஆக்கிய ‘போட்ரேஸ்’ முறை, நிழல்களின் விளிம்பைத் தொடர்ந்து சென்று கோடுகளாக்கித் தரும். ஆயின் அது கன்னத்து மச்சத்தையும் படத்தில் ஒட்டிய தூசியையும் ஒன்றாகவே கொள்ளும்.

எதனை விடுவது?

மனிதரின் வேலை தொடங்குமிடம் இதுவே. புகைப்படம் எல்லாவற்றையும் வைத்திருக்கிறது. நான்கு சாயல்களில் எல்லாவற்றையும் வைக்க இயலாது. ஆகவே எதனை விடுவது என்பதே ஓவியரின் முதன்மையான முடிவு. பாட்டியின் சுருக்கங்கள் அனைத்தையும் நீக்கிவிட்டால் இருபது வயதுப் பெண்ணொருத்தி அங்கே நிற்பாள்; அவள் நம் பாட்டியல்லள். அனைத்தையும் வரைந்தாலோ முகம் மரப்பட்டையாகிவிடும். சிரிக்கும்போது கண்ணோரத்தில் விழும் இரு கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டால், பார்ப்போர் உடனே பெயர் சொல்லிவிடுவர். மூக்கின் தண்டுக்குக் கோடே வேண்டுவதில்லை. அதன் கீழ்நிழல் ஒன்று போதும், எஞ்சியதைக் காண்போரின் கண் நிரப்பிக்கொள்ளும். எந்தச் சுருக்கம் சிரிப்பினுடையது, எது அயர்வினுடையது என்பதை அம்முகத்தோடு வாழ்ந்தவரே அறிவார். ஆகவே, பிள்ளை வரையும்போது அருகிலமர்ந்து பாட்டியைப் பற்றிப் பேசும் தாயும் அவ்வோவியத்தில் பங்கு கொள்கிறார்.

படம் பிடித்தவருக்கு உரிய கடன்

ஓவியம் எவ்வளவு சிறந்ததாயினும் அதற்கு அடியில் மற்றொருவரின் உழைப்பு இருக்கிறது என்பதை மறத்தலாகாது. அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு வழக்கு இதற்குச் சான்று. 2008ஆம் ஆண்டுத் தேர்தலின்போது ஷெப்பர்ட் ஃபேரி என்ற ஓவியர், பராக் ஒபாமாவின் முகத்தைச் சிவப்பு, நீலம், வெளிர் மஞ்சள் ஆகிய சில நிறத் திட்டுகளால் ஆக்கி, ‘நம்பிக்கை’ என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அடியில் இட்டார். உலகெங்கும் பரவிய அச்சுவரொட்டிக்கு மூலமாக அமைந்தது, அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்திற்காக மேனி கார்சியா 2006இல் எடுத்த புகைப்படம். 2009இல் வழக்கு எழுந்தபோது, தாம் பயன்படுத்தியது வேறு படம் என ஓவியர் கூறினார். அதே ஆண்டில் அது உண்மையன்று என ஒப்புக்கொண்டார். பதிப்புரிமைப் பூசல் 2011இல் சமரசமாக முடிந்தது. ஆயினும் சான்றுகளை அழித்ததற்காக 2012இல் அவருக்கு ஈராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 25,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. அவருடைய கைத்திறனை எவரும் மறுக்கவில்லை. அவரைத் தண்டனைக்கு உள்ளாக்கியது அதன் மூலத்தை மறைக்க முயன்றதே.

நம் நாட்டிலும் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் புகைப்படத்தைக் கலைப்படைப்பாகவே கொள்கிறது. எனவே நம் இல்லங்களில் மூன்று வழக்கங்களை ஏற்படுத்திக்கொள்வது நலம். பிறர் எடுத்த படமாயின் அவரைக் கேட்க வேண்டும். படத்தில் உள்ளவர் உயிரோடிருப்பவராயின், பலர் காண வெளியிடுமுன் அவருடைய இசைவையும் பெற வேண்டும். மூலப் படத்தை அழிக்காது, எடுத்தவர் பெயர், ஆண்டு, படத்தில் இருப்போர் யாவர் என்னும் குறிப்புடன் பாதுகாக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் நாளை ஓவியத்தைப் பார்த்து மகிழ்வர். பாட்டியின் முகம் மெய்யாகவே எப்படி இருந்தது எனக் கேட்கும் நாளில் அப்பழைய படமே அவர்களுக்கு விடை கூறும்.