துப்பாக்கிக் கட்டைக்கு ஏற்ற மரம் எது?

மரத்தின் வலிமையை மட்டும் கொண்டு அதன் பயனைக் கணித்தல் பொருந்தாது. எவ்வேலைக்கு எப்பண்பு வேண்டும் என்பதை ஆராய்ந்த பின்னரே மரத்தைத் தெரிவு செய்தல் வேண்டும். இவ்வுண்மையை விளக்கத் துப்பாக்கியின் மரக்கட்டை சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

கருநாடகத்தின் தென் எல்லையில், மலை மாதேசுவர மலைப் பகுதியில், தமிழ் பேசும் மக்கள் மிகுந்த மார்டள்ளி என்னும் ஊர் உள்ளது. இவ்வூர் அடங்கிய கொள்ளேகால் வட்டம் 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பின்போது கோயமுத்தூர் மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்டு மைசூர் மாவட்டத்துடன் சேர்ந்தது. 1997ஆம் ஆண்டு முதல் இப்பகுதி சாமராஜநகர் மாவட்டத்தைச் சார்ந்துள்ளது. சுற்றிலும் உள்ள இலையுதிர் காடுகளில் ஆச்சா, வெக்காலி, ஈட்டி, தேக்கு முதலிய மரங்கள் வளர்கின்றன. இவை யாவும் பெயர் பெற்ற மரங்களே. ஆயினும், வங்காளத்தில் 1904ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை நாடியது இமயமலைச் சாரலில் வளரும் அக்ரூட் மரத்தையே ஆகும். இதற்குக் காரணம் யாது?

எடை

வீரன் நாள் முழுதும் சுமக்க வேண்டிய கருவியில் எடை முதற்கண் கருதத்தக்கது. உலர்ந்த அக்ரூட் மரம் கன மீட்டருக்கு ஏறத்தாழ 640 கிலோகிராம் எடையுள்ளது. தேக்கு ஏறத்தாழ 650, ஈட்டி 830, ஆச்சா 1,000 கிலோகிராமுக்கும் மேல். ஆச்சாத் துண்டு நீரில் மூழ்கிவிடும். ஒரு துப்பாக்கிக்கு ஒன்றரை லிட்டர் கனஅளவுள்ள மரம் தேவை எனக் கொள்வோம். அக்ரூட்டில் அதன் எடை 960 கிராம். ஈட்டியில் 1,245 கிராம். ஆச்சாவிலோ ஒன்றரைக் கிலோகிராமைத் தாண்டும்.

வடிவம் மாறாமை

எடையினும் முக்கியமானது வடிவம் மாறாமை. மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரியும், வறட்சியில் சுருங்கும். இம்மாற்றம் நாரின் நீளப்போக்கில் மிகச் சிறிது. ஆண்டு வளையங்களை ஒட்டிய குறுக்குப்போக்கில் மிகுதி. பச்சை நிலையினின்று முற்றிலும் உலரும்வரை, இக்குறுக்குப்போக்கில் தேக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 5.3 பங்கும், அக்ரூட் 7.5 பங்கும், ஐரோப்பியப் பீச் மரம் 11.8 பங்கும் சுருங்குகின்றன.

மழைக்காலத்தில் மரத்தின் ஈரம் நூற்றுக்கு 4 பங்கு ஏறினால், 50 மில்லிமீட்டர் அகலமுள்ள பீச் கட்டை ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டரும், அக்ரூட் 0.5 மில்லிமீட்டரும், தேக்கு 0.35 மில்லிமீட்டரும் விரியும். இஃது அற்பமாகத் தோன்றலாம். ஆனால், முன்கட்டை விரிந்தோ முறுகியோ குழலின் ஒரு பக்கத்தை அழுத்துமாயின், குறி சரியாக இருந்தும் குண்டு இலக்கினின்று விலகும். துப்பாக்கி ஏந்தியவன் தன் கையைக் குறை கூறுவான்; குற்றமோ மரத்தினுடையது.

அதிர்ச்சி தாங்குதல்

இவ்விரு பண்புகளை மட்டும் நோக்கின் தேக்கே வெல்லும். ஆனால் குண்டு வெளியேறுகையில் துப்பாக்கி பின்னோக்கி உதைக்கின்றது. அவ்வதிர்ச்சியை மரம் பிளவுபடாமல் தாங்குதல் வேண்டும். தேக்கு இதில் பின்தங்கியது. மேலும் அதன் நாரில் உள்ள மணற்சத்து உளியின் கூரை விரைவில் மழுக்கிவிடும். வெக்காலி அதிர்ச்சியை நன்கு தாங்கும். கோடரிக் காம்புக்கும் வண்டி அச்சுக்கும் அது புகழ் பெற்றது. எனினும், கனமான அம்மரம் உலருங்கால் வெடிக்கும் இயல்புடையது. அக்ரூட் எந்தப் பண்பிலும் முதலிடம் பெறாவிடினும், எல்லாப் பண்புகளிலும் போதிய அளவு சிறந்துள்ளது. நுண்ணிய குடைவு வேலைக்கும் இணங்குகின்றது. அதன் வெற்றிக்கு இதுவே காரணம்.

பிற நாடுகளின் அனுபவம்

அக்ரூட் கிடைக்காத இடங்களில் வேறு மரங்கள் பயன்பட்டன. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் பீச், பிர்ச் மரங்களையும் கையாண்டனர். ஜெர்மானியர் மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கட்டை செய்தனர். அவ்வாறு ஒட்டிய கட்டை எளிதில் முறுகாது. ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை குவீன்ஸ்லாந்து மேப்பிளையும், பின்னர்க் கோச்வுட் என்னும் உள்நாட்டு மரத்தையும் ஏற்றது. கோச்வுட் மென்மையானது, ஆதலின் உதை விழும் இடங்களில் செப்புத் தகடு பதிக்கப்பட்டது. மரத்தின் குறையை அமைப்பினால் ஈடு செய்யலாம் என்பதற்கு இது சான்று.

இன்று படைத்துறையின் புதிய துப்பாக்கிகளில் மரத்தின் இடத்தை நெகிழிப்பொருள் பெரும்பாலும் பிடித்துவிட்டது. ஈரம் அதனை அசைப்பதில்லை. காஷ்மீரத்தில் அக்ரூட் மரத்தை விருப்பம்போல் வெட்டுவதை 1969ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுத்தது. கொட்டைக்காகப் பல்லாண்டு பயன் தரும் மரத்தைக் கட்டைக்காக வீழ்த்துதல் குடியானவனுக்கும் இழப்பேயாகும்.

பள்ளியில் செய்யத்தக்க சோதனை

ஆசிரியர்கள் இவ்வுண்மைகளை எளிதில் காட்டலாம். ஊர்த் தச்சரிடம் தேக்கு, மா, வேம்பு ஆகியவற்றின் கழிவுத் துண்டுகளைப் பெற்று, ஒரே அளவாக அறுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றின் எடையையும், நீளம், அகலம், கனம் ஆகியவற்றையும் வெர்னியர் அளவுகோலால் அளந்து குறிக்க வேண்டும். பின்னர் ஒரு வாரம் நீரில் ஊறவைத்து, மீண்டும் அளக்க வேண்டும். நீளம் ஏறத்தாழ மாறாமலும் அகலம் மாறியும் இருப்பதை மாணவர் தாமே காண்பர்; மரத்திற்கு மரம் வேறுபாட்டையும் அறிவர். மலை மாதேசுவர மலைக் காடு 2013ஆம் ஆண்டு முதல் வனவிலங்குச் சரணாலயமாதலின், அங்கு விழுந்து கிடக்கும் மரத்தையும் அனுமதியின்றி எடுத்தல் கூடாது.

களப்பணியாளர்க்கும் இச்சோதனை பயன்படும். ஏர்க்கால், மண்வெட்டிக் காம்பு, கதவு, பெட்டி ஆகிய எதற்கு மரம் கேட்கப்படினும், எடை, சுருக்கம், அதிர்ச்சி தாங்கும் திறன், வேலைக்கு இணங்கும் தன்மை என்னும் நான்கையும் அவ்வேலையின் தேவையோடு ஒப்பிட்டு நோக்கியே அறிவுரை கூறுதல் வேண்டும்.